சுப்பையா கட்டிய கல்மூட்டை

மெக்கானிக் சுப்பையா இறந்துவிட்டார் என்று ஜீப்பு டிரைவர் ஒருவர் என் ஏலக்காய்க் கிடங்கு வாசலில் வந்து சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னா?" என்பதுதான். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் சுப்பையாவை அறிந்த உங்களுக்கு நான் ஏன் கேட்டேன் என்பது தெரியும். வேலை மும்முரத்தில் யாராவது பட்டறைக்கு வந்து நச்சரித்தால், காருக்கு அடியில் படுத்தபடியே, "மேஸ்திரி நேத்தே செத்துட்டாரு, காரியம் முடிஞ்சு வாங்க" என்று அவரே பதில் சொல்லி அனுப்புவார். அப்படி என்னையும் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்.

"அண்ணே, இந்தத் தடவ நெசந்தான். வெரசா வாங்க" என்றார் டிரைவர்.

போனேன். நிஜம்தான்.

எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். எனக்கு இந்த மாதிரி இரங்கல் எழுதி வழக்கமில்லை. சுப்பையாவைப் பற்றிக் கைராசிக்காரர், நாணயஸ்தர் என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத வேண்டியது வேறு. போடி ஊரிலேயே அவரை அதிகமாகச் சந்தேகப்பட்டவன் நான்தான். அதை நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.

நாலு வருடத்துக்கு முந்திய சங்கதி. மேலே மலையில் எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது, தன் இரண்டு ஆள் உட்காரும் பந்தயக் காரை விட்டுவிட்டுப் போனார். யுத்தத்துக்கு முந்திய கார். சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, கூரை கிடையாது. தண்ணீர் ஊற்றாமலே மலையேற்றி யாரோ எஞ்சினை வெடிக்கவிட்டிருந்தார்கள். என் மகன் துரைராஜ் மதுரையில் படிப்பை முடித்துவிட்டு வந்த நேரம். சென்னைக்குப் பக்கத்தில், யுத்தகாலத்தில் விமானம் இறங்கிய ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடப்பதாகக் கேள்விப்பட்டு, அந்தக் காரைத்தான் ஓட்டுவேன் என்று சாப்பிடாமல் கிடந்தான். ஒரே பிள்ளை. நான் வாங்கிக் கொடுத்தேன். முட்டாள் அப்பன் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஊர் அப்போதே சொல்லிவிட்டது.

இனி அதற்கு வேறு எஞ்சின் வேண்டும். மதுரையில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் நானே ஒரு ஜீப்பு எஞ்சினை எடுத்து வந்தேன். பார்த்தாலே பயமாக இருக்கும் இரும்பு. எங்கள் தொழிலில் கனமான காய்தான் நல்ல காய். கையில் அள்ளும்போதே கனம் சொல்லிவிடும், உள்ளே விதை இருக்கிறதா, வெறும் தோலா என்று. ஆகவே எஞ்சினும் கனமாக இருந்தால்தான் சரக்கு என்று முடிவு செய்துவிட்டேன். மகனுக்கும் அதே ஆசை. "ஜீப்பு எஞ்சின் மலையையே இழுக்கும்ப்பா" என்றான்.

சுப்பையா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பீடியைக் காதில் செருகிக்கொண்டு, "நல்ல எஞ்சின்ணே. ஜீப்புக்கு" என்றார்.

"காருக்கு?"

"தேவாரம் ஊருப் பக்கம் ஒரு சின்னக் காரு யானையப் பாத்து மெரண்டு வாய்க்கால்ல கவுந்து கெடக்கு. எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்ல. அது போதும்."

விசாரித்தேன். விசாரிக்காமல் விடுவேனா? அந்தக் காரின் சொந்தக்காரர் சுப்பையாவின் மச்சினன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மச்சினனுடைய ஓட்டை எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டு, என் ஜீப்பு எஞ்சினை எஸ்டேட்காரன் எவனுக்கோ தள்ளிவிடப் போகிறார். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. "ஒலகத்துல எல்லாரும் களவாணி, நீங்க ஒருத்தர்தான் யோக்கியரு. ரசத்த ஊத்திக்கங்க" என்றாள் என் மனைவி.

அடுத்த வாரம் சுப்பையா என் கிடங்குக்கு வந்து, மூட்டை நிறுக்கும் பெரிய தராசு ஒரு மணி நேரத்துக்கு வேண்டும் என்றார். எங்கள் ஊரில் ஒரு பொருள் தராசில் ஏறினால் அது கைமாறப் போகிறது என்று அர்த்தம். பழைய இரும்பு விலைக்குப் போடத்தான் எடை பார்க்கிறார் என்று நினைத்து, மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, கண் முன்னாலேயே திருடட்டும், சாட்சியாக இருப்போம் என்று சம்மதித்தேன்.

ஒரு தட்டில் ஜீப்பு எஞ்சின். மறு தட்டில் தேவாரத்து எஞ்சின். சின்ன எஞ்சின் பக்கம் ஒவ்வொன்றாக எடைக்கல் வைத்துக்கொண்டே போனார். ஐந்து மணங்கு வைத்ததும் முள் நேராக நின்றது. கிட்டத்தட்ட ஒரு ஆள் எடை.

"பாருங்கண்ணே. ஜீப்பு எஞ்சினப் போட்டா ஒங்க மகன் பக்கத்துல இல்ல, காரோட மூக்குமேல ஒரு ஆளு உக்காந்திருப்பான். அவன் எறங்கவே மாட்டான்."

"உக்காந்தா உக்காரட்டும். இழுக்கிற தெம்பு இருக்குல்ல?"

"இழுக்கும். நிக்கணும்ல? அது கம்பியால இழுக்கிற பழைய பிரேக்குக் காரு. மூக்கு கனத்தா வளைவுல நம்ம பேச்சக் கேக்காது, நேராத்தான் போகும்."

நான் மசியவில்லை. "சரக்க விக்கிறவன் ஆயிரஞ் சொல்லுவான்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். மச்சினன் பேரையும் இழுத்தேன். சுப்பையா கோபப்படவில்லை. "அண்ணே, வாயால பேசினா ரெண்டு பேருக்கும் தொண்டைதான் வலிக்கும். ஞாயித்துக்கெழம மலைக்கு வாங்க" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் தேவாரத்து எஞ்சினைக் காரில் பொருத்தியிருந்தார். அடிவாரத்து முந்தலுக்கு மேலே, மலைப் பாதையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கீழ்நோக்கி ஓட்டினார். வளைவுக்கு வளைவு கார் பாம்பு மாதிரி நெளிந்து இறங்கியது. சும்மா சொல்லக் கூடாது, சுகமாகவே இருந்தது. கீழே வந்ததும், ஓடைக் கல் நிரப்பிய ஒரு சாக்கு மூட்டையை இரண்டு ஆட்கள் தூக்கி வந்து காரின் மூக்கில் கயிறு போட்டு இறுக்கினார்கள்.

"இதுல அஞ்சு மணங்கு இருக்குண்ணே. இப்ப இது ஜீப்பு எஞ்சின் போட்ட காரு. சந்தேகம்னா நீங்களே நிறுத்துப் பாத்துக்கங்க."

இங்கே எங்கள் வியாபாரத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். "நீங்களே நிறுத்துக்கங்க" என்று ஒருவன் சொல்லிவிட்டால், அதற்கு மேல் அந்த மூட்டையை யாரும் நிறுக்க மாட்டார்கள். நிறுத்தால் அவன் முகத்தில் காறி உமிழ்ந்த மாதிரி. வாய்க்கு வந்தபடி பேசிய நானும் அதை மீறவில்லை. ஏறி உட்கார்ந்தேன், மறுபடியும் மேலே போய்த் திரும்பினோம்.

அதே பாதை. அதே வேகம். மூன்றாவது வளைவில் சுப்பையா ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். சக்கரம் திரும்பியது, கார் திரும்பவில்லை. பிரேக்கின் மேல் ஏறி நின்றார். கைப்பிடிச் சுவர் எங்களை நோக்கி வந்தது. நான் கூப்பிடாத சாமி இல்லை. சுவருக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கிடையாது, கீழே தெரிந்த தென்னை மரங்களின் தலை மட்டும்தான்.

சுப்பையா காதிலிருந்த பீடியை எடுத்தார், பற்றவைக்க முடியவில்லை. "அண்ணே, நெனச்சுப் பாருங்க. நான் உக்காந்திருக்கிற எடத்துல ஒங்க மகன். சொல்லுங்க, எந்த எஞ்சின்?"

"தேவாரம்" என்றேன்.

அப்பாவும் மகனும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. "மேஸ்திரி சொன்னா ஒடனே கவுந்துருவீங்களா?" என்று துரைராஜ் கேட்டான். கவிழாமல் இருக்கத்தானடா கவிழ்ந்தேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பந்தயத்துக்கு மூவரும் போனோம். நான் மகனைப் பார்க்கவில்லை, பயத்தில் சுப்பையாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் ஓடிய கார்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் துரைராஜின் முன்சக்கரங்களை மட்டும் பார்த்தார். பெரிய எஞ்சின் பூட்டிய பழைய கார் ஒன்று கடைசி வளைவில் திரும்பாமல் நேராகப் போய் வைக்கோல் கட்டுகளுக்குள் புகுந்தது. ஓட்டியவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோனார்கள். என் மகன் ஐந்தாவதாக வந்தான். "ஒம்பது காருல அஞ்சாவது. வெளிய சொல்லிக்கிற மாதிரியா இருக்கு?" என்று நான் சலித்துக்கொண்டேன். சுப்பையா சிரித்தார். "நடந்து வந்து சொல்றானே, அதச் சொல்லுங்க."

மச்சினன் விஷயத்தில் மட்டும் எனக்கு ஒரு மூலையில் சந்தேகம் ஒட்டிக்கொண்டே இருந்தது. புத்தி அப்படி. அவரும் அதை அறிவார்.

துக்க வீட்டில் அவருடைய மனைவி சீனியம்மாள் என்னைக் கண்டதும் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அண்ணே, அந்தக் கல்லுமூட்ட ஒங்ககிட்டயா இருக்கு? ஏலக்கா அண்ணன் இன்னும் அத நிறுக்கலையான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டாரு."

மூட்டை என்னிடம்தான் இருந்தது, அன்றைக்கே சுப்பையா என் கிடங்கில் இறக்கிவிட்டுப் போனது. நாலு வருடமாகக் கிடங்குக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்திருக்கிறேன். சுடுகாட்டிலிருந்து வந்து, தலைமுழுகி, நேராகக் கிடங்குக்குப் போனேன். ஆட்களைக் கூப்பிட்டு மூட்டையைத் தராசில் ஏற்றினேன்.

ஆறரை மணங்கு.

எடைக்கல்லை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். ஆறரைதான். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்ட நான், நிறுக்க வேண்டிய ஒரே மூட்டையை நிறுக்காமல் விட்டிருக்கிறேன். எங்கள் வழக்கத்தை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறார். ஐந்து மணங்குக்குக் கார் இவ்வளவு முரண்டு பிடித்திருக்காது, நான் மசிந்திருக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சுவர்வரை என்னோடு உட்கார்ந்து வந்த மனிதர், ஒன்றரை மணங்கு அதிகமாகக் கட்டியிருக்கிறோம் என்று தெரிந்தேதான் ஓட்டியிருக்கிறார்.

ஆக, என் சந்தேகம் சரிதான். சுப்பையா என்னை ஏமாற்றினார்.

அந்த மூட்டையை நான் பிரிக்கப் போவதில்லை. நேற்று துரைராஜ் வந்து, கதவுக்கு வேறு முட்டு வைத்துக்கொள்ளலாமே, இது வழியை மறிக்கிறது என்றான். ஐந்து மணங்கை வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போ, மிச்சம் ஒன்றரை எனக்கு வேண்டும் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.