மூடிக்கு அடியில் ஒரு கை

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது என் உடம்புக்குத் தெரியும். மழை பிடித்தால் இன்றும் என் வலது மணிக்கட்டு மட்டும் தனியாகக் குளிரும்.

ஒரு பொது நீச்சல் குளத்தில் எனக்கு வேலை. மண்டபத்துக்குள் இருக்கும் குளம். தண்ணீரைச் சோதித்துக் குளோரின் கலப்பது, வடிகட்டியைக் கழுவுவது, தரையைத் துடைப்பது, கடைசியில் குளத்தை மூடுவது. இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை. கூட வேலை செய்பவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘கடிகாரம்’. அதைப் பாராட்டு என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு நீந்தத் தெரியாது. சின்ன வயதில் கால்வாயில் மூழ்கியவன். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. உயிர் தங்கியது, பயமும் கூடவே தங்கிவிட்டது. குளத்துத் தண்ணீர் என் முழங்காலைத் தாண்டியதே இல்லை.

அந்த வருடம் என் மனைவி பெண்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்து, இரண்டே மாதத்தில் மீனாகிவிட்டாள். விடுமுறையில் ஒரு நாளாவது தன்னோடு தண்ணீரில் இறங்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் ஒவ்வொரு தடவையும் வடிகட்டியைச் சாக்குச் சொன்னேன்.

“சாவி குடுத்த பொம்மைகூட ஒரு நேரம் நின்னு பாக்கும். நீங்க நிக்கவே மாட்டீங்க,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

எங்கள் குளத்தில் ஒரு முறை உண்டு. மூடுவதற்கு முன் ‘உள்ளே யாராவது இருக்கீங்களா?’ என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் கூப்பிடுவேன், மூன்றையும் ஒரே மூச்சில். காத்திருப்பதை எப்போது விட்டேன் என்று எனக்கே தெரியாது. பழக்கம் வந்து காதை அடைத்துவிடுகிறது.

அன்று நல்ல மழை. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். என் மனைவி மட்டும் ஆழமான பக்கத்தில் மூச்சடக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். நான் வடிகட்டி அறைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது மணி ஏழே முக்கால். குளத்தில் யாரும் இல்லை.

ஆனால் தண்ணீர் அடங்கவில்லை. யாரோ இப்போதுதான் இறங்கியதுபோல் லேசாக அசைந்துகொண்டிருந்தது. படிக்கட்டுப் பக்கம் துடைத்த தரையில் ஈரக் கால்தடங்கள். எல்லாம் குளத்தை நோக்கிப் போயிருந்தன. திரும்பிய தடம் ஒன்றுகூட இல்லை.

பார்த்தேன். பார்த்தும் கை தன் வேலையைச் செய்தது.

மூன்று தடவை கூப்பிட்டேன். அந்த மண்டபத்தில் எப்போதும் எதிரொலி வரும். அன்றும் வந்தது. மூன்று தடவை கூப்பிட்டதற்கு... நான்கு தடவை வந்தது.

அதற்குள் சாவியைத் திருப்பிவிட்டேன்.

மூடி என்பது குளத்தின் அகலத்துக்குப் பிளாஸ்டிக் பட்டைகளைக் கோத்த ஒரு பெரிய பாய். சாவியைத் திருப்பிப் பிடித்தால், ஆழமான பக்கத்திலிருந்து சுருள் பிரிந்து தண்ணீர்மேல் மிதந்து வரும். படிக்கட்டுப் பக்கம் கொஞ்சம்தான் பாக்கி.

டொக்.

கையை எடுத்தேன். மோட்டார் நின்றது. கூரையில் மழைச் சத்தம்.

டொக்... டொக்.

மூடிக்கு அடியிலிருந்து. ஆழமான பக்கத்திலிருந்து.

பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். என் மனைவியின் துண்டு. அதன்மேல் அவள் மூக்குக் கண்ணாடி. தண்ணீரை விட்டு ஏறியதும் அவள் கை முதலில் தேடுவது அந்தக் கண்ணாடியைத்தான்.

சாவியை மறுபக்கம் திருப்பினேன். மோட்டார் உறுமியது. மூடி நகரவில்லை. மறுபடி திருப்பினேன். உறுமல் மட்டும்தான். காவல்காரர் வெளி வாசலில் இருந்தார். ஓடிப்போய்க் கூட்டிவருவதற்குள் அவள் மூச்சு நின்றுவிடும்.

டொக்.

இந்தத் தடவை மெதுவாக.

படியில் இறங்கினேன். முழங்கால். இடுப்பு. நெஞ்சு. தலையால் மூடியை முட்டித் தூக்கி, அந்த இடுக்கில் மூச்சு இழுத்தேன். உள்ளே ஒரே இருட்டு. ஒரு கையால் மூடியைத் தாங்கிக்கொண்டு நடந்தேன். தரை சரிந்தது. கால் நழுவியது.

கடவுளே... என்னை விட்டுவிடு, அவளைக் கொடு.

மூழ்கினேன். இருட்டில் வலது கையை நீட்டித் துழாவினேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பற்றியது.

ஐஸ்போல் இருந்தது. பிடித்துக்கொண்டு காலை உதைத்தேன். விரல் நுனி தரையில் பட்டது. தலையைத் தூக்கி ஒரு மூச்சு.

அப்போது மேலே, கரையிலிருந்து ஒரு குரல்.

“என்னங்க... எங்க இருக்கீங்க?”

என் மனைவியின் குரல்.

அப்படியென்றால்...

என் கையில் இருப்பது?

உதறியிருக்கலாம். உதறத்தான் நினைத்தேன்.

அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

என்னைவிட அதிகமாக.

கால்வாய் நினைவு வந்தது. முகம் தெரியாத ஒருவர் என்னை உதறவில்லை.

விடவில்லை. இழுத்தேன்.

ஒரு அடி. இன்னொரு அடி. படி.

தலை வெளியே வந்தது. வெளிச்சம். கையைப் பார்த்தேன். வெறும் கை.

என் மனைவி கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆழமான பக்கத்து ஏணி வழியாக ஏறிப் போய், ஷவரில் குளித்து, உலர்ந்த சட்டை மாற்றி, மறந்துபோன துண்டையும் கண்ணாடியையும் எடுக்க வந்திருக்கிறாள். தலைமுதல் கால்வரை நனைந்து நின்ற என்னைப் பார்த்து முதலில் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

“உங்களுக்கு முன்னாடி ஏறிப் போனாங்களே ஒரு அம்மா... யாருங்க அது?”

திரும்பித் தண்ணீரைப் பார்த்தேன்.

“போறப்ப என் தோளைத் தொட்டுட்டுப் போனாங்க. கை எவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா?”

அவளுடைய உலர்ந்த சட்டையின் தோளில் ஐந்து விரல் ஈரமாகப் பதிந்திருந்தது.

மறுநாள் காவல்காரரிடம் சொன்னேன். பெரியவர் பழைய கதை ஒன்று சொன்னார். எனக்கு ரொம்ப முன்னால் இந்த வேலையில் இருந்தவன் ஒரு நாள் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்காமல் மூடியிருக்கிறான். ஒரு பெண் உள்ளே முங்கியிருந்திருக்கிறாள். அவள் தட்டியது அவனுக்குக் கேட்டிருக்கிறது. கேட்டதும் கதவைத் திறந்துபோட்டு ஓடிவிட்டான். மூன்று தடவை கூப்பிடும் முறை அப்போதும் இருந்தது. காத்திருக்க வேண்டும் என்பது அவள் செத்த பிறகு வந்தது.

“உயிரோட இருந்தவளை அவன் பேய்னு நெனச்சு ஓடினான், தம்பி. நீ பேயை உயிர்னு நெனச்சு இறங்கியிருக்க. அவ்வளவுதான்.”

அடுத்த விடுமுறையில் என் மனைவியோடு தண்ணீரில் இறங்கினேன். வடிகட்டி அன்று தன்பாட்டில் கிடந்தது. வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து அவள் என்னை மிதக்கவிட்டாள். பயம் போய்விட்டதா என்றால், இல்லை. பயத்தோடும் ஒரு கையைப் பிடிக்கலாம் என்று தெரிந்துவிட்டது. இப்போது மூன்று தடவையும் நின்று கூப்பிடுகிறேன். நின்று கேட்கிறேன். அன்றைக்குப் பிறகு எதிரொலி நான்காவது தடவை வந்ததே இல்லை.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் மோட்டாரைப் பழுதுபார்க்க வந்த மெக்கானிக், மூடியைத் தூக்கிக் கவிழ்த்துப்போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். அடிப்பக்கம் முழுக்க மெல்லிய பாசி. ஆழமான பக்கத்தில் பாசியே இல்லை. அவ்வளவு உள்ளங்கைத் தடங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அங்கிருந்து படிக்கட்டுவரை ஒரே வரிசையாக இரண்டு கைகளின் தடம். ஒன்று பெரியது. என் கையை வைத்துப் பார்த்தேன், பொருந்தியது. பக்கத்திலேயே, விலகாமல், சின்னக் கை ஒன்று.

“யாருங்க இத்தனை தடவை அடியிலேர்ந்து தட்டினது?” என்றார் மெக்கானிக். “இது புது மூடியாச்சே. போன வருஷம் நான்தானே மாட்டினேன்.”