தேங்கிய தண்ணீரின் சொந்தக்காரர்

லமிடி முதலில் பார்ப்பது செருப்பை. முகத்தைப் பிறகுதான் பார்ப்பார். பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ திருப்பத்தில் தெரிந்தால் நூறு நைரா. ரப்பர் செருப்பு என்றால் ஐம்பது. ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் இறங்கிவிடலாமா என்று யோசிக்கிறவருக்கு எண்பது. யோசனை நீண்டால் அறுபது. பள்ளிச் சீருடைக்குக் காசு இல்லை. பிணத்துக்கும் இல்லை. பிணத்தின் பின்னால் வருகிறவர்களுக்கு உண்டு.

"செத்தவர் திரும்பி வரமாட்டார். நீங்க வருவீங்கல்ல?" என்பார்.

ஒகுன்டிபே தெருவின் கீழ்முனையில், பஸ் போகும் சாலைக்குச் சற்று முன்னால், சாக்கடை அடைத்துக்கொண்டு ஏழு வருஷமாக முழங்காலளவு தண்ணீர் நின்றது. மழைக்காலத்தில் இடுப்பு வரை வரும். மழை இல்லாத மாதங்களில் கறுத்துக் கெட்டிப்படுமே தவிர, போகாது. அதன் குறுக்கே சிமெண்ட் கற்கள். கற்களின் மேல் லமிடியின் பலகைகள். தெருவில் நானூறு பேர் இருந்தார்கள். சாலைக்குப் போக வேறு வழி இல்லை. பலகையின் தலைமாட்டில், கவிழ்த்துப் போட்ட பீர் பெட்டியின் மேல், வெளுத்த குடை ஒன்றின் கீழே அவர் உட்கார்ந்திருப்பார். காதோடு ஒரு டிரான்சிஸ்டர். அதில் பாட்டரி கிடையாது. பேரம் பேசுகிறவர்களின் குரல் கேட்காமல் இருப்பதற்காக அதை வைத்திருந்தார்.

அந்த வேலைக்கு வருவதற்கு முன் அவர் படகுத்துறையில் மூட்டை தூக்கினார். முதுகு போன பிறகு பலகை போட்டார். தெருவில் அவருக்கு 'பாபா ஆஃபாரா' என்று பெயர். பாலத்து அப்பா. அவர் பார்க்காமல் யாரும் வேலைக்குப் போனதில்லை, யாரும் திரும்பியதில்லை. யார் வீட்டுக்கு யார் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது பெண் வீட்டாருக்கு முன் அவருக்குத் தெரியும். வந்தவரின் ஷூவை வைத்து அந்தச் சம்பந்தம் முடியுமா என்பதையும் சொல்லிவிடுவார்.

அவரிடம் ஒரு சுத்தம் உண்டு. தண்ணீர் பாக்கெட் ஒன்றைக் கடித்துக் குடித்து முடித்தால் காலி உறையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். சாயங்காலம் அவர் மனைவி ரிசி பையை உதறினால் பத்துப் பன்னிரண்டு விழும். ஏழு வருஷத்தில் அவர் அந்தச் சாக்கடையில் ஒரு காகிதத்தைக்கூடப் போட்டதில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. சாக்கடை வளைவில் இருந்த மர அறுவை ஆலை தன் மரத்தூளை அதில்தான் தள்ளியது. ஆலைக்காரர் வீடு ஏரிக்கு அந்தப் பக்கம்; அங்கே தெரு காய்ந்துதான் கிடந்தது. அகாரா வடை பொரிக்கிறவள் எண்ணெய்க் காகிதத்தைப் போட்டாள். தையற்காரி மடாம் அடுகே வெட்டுத் துணிகளைப் போட்டாள். பலகையில் நடந்து போகிறவர்கள் நடந்தபடியே போட்டார்கள்.

"எனக்கு வேலை பாக்குறவங்க யாருமே சம்பளம் கேக்குறதில்ல," என்று ஒரு தடவை சொன்னார். பெருமையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

தச்சன் எஃபியோங் ஒரு முறை போட்டிக்கு வந்தான். இருபது தப்படி தள்ளி இன்னொரு பலகை வரிசை போட்டு, நாற்பது நைரா என்று கத்தினான். லமிடி முப்பது என்றார். எஃபியோங் இருபது என்றான். மூன்றாம் நாள் இரண்டு பேரும் பத்து நைராவுக்குக் கூவிக்கொண்டிருந்தார்கள். தெரு சிரித்துக்கொண்டே நடந்தது. நான்காம் நாள் காலையில் இரண்டு பேரும் ஒரே பீர் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நெரிசல் ஜாஸ்தியாயிடுச்சு," என்றார் லமிடி. "யாராவது விழுந்து வெச்சா பாவம். அதனால இந்தப் பலகை போறதுக்கு. அந்தப் பலகை வர்றதுக்கு."

போகிறதற்கு ஐம்பது, வருகிறதற்கு ஐம்பது. ஒரு வருஷம் கழித்து எஃபியோங்கின் பலகைகளை அவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். எஃபியோங் தச்சு வேலைக்கே திரும்பினான். ஒரு பலகை மட்டும் மழையில் காணாமல் போயிருந்தது. அதன் விலையைக் கழித்துக்கொண்டுதான் கொடுத்தார் என்று எஃபியோங் இன்றும் சொல்வான்.

ஒவ்வொரு ஜனவரியிலும் தெருக் கூட்டம் நடக்கும். சாக்கடையைத் தோண்ட இயந்திரம் கொண்டுவர வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று தலைவர் படிப்பார். மேல்முனைக்காரர்கள், தண்ணீர் எங்கள் வாசலில் நிற்கவில்லையே என்பார்கள். குடியிருக்கிறவர்கள், வீட்டுக்காரர் கொடுக்கட்டும் என்பார்கள். வீட்டுக்காரர்கள், நடக்கிறது நாங்களா என்பார்கள். மீதிப் பேர் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இயந்திரம் வந்தால் எல்லோருக்கும்தான் தண்ணீர் வடியும். கொடுக்காதவன் வீட்டு முன்னால் மட்டும் நிற்கப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

முதல் ஆளாக எழுந்து கொடுக்கிறவர் லமிடி.

"ஊர் நல்லா இருக்கணும். நாம என்னத்த கொண்டு போறோம்?" என்று கவரை மேஜை மேல் வைப்பார். கைதட்டுவார்கள். அத்தோடு வசூல் நிற்கும். தொகை சேராததால் டிசம்பரில் கவர் அவரிடமே திரும்பி வரும். அவர் அதைப் பிரித்துப் பார்க்கமாட்டார். அடுத்த ஜனவரியில் அதையே கொடுப்பார். ஐந்து வருஷத்தில் அந்தக் கவரின் மூலைகள் துணி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டன.

இந்த ஜனவரியில் தலைவர் படிக்க ஆரம்பிக்கும்போது மடாம் அடுகே எழுந்தாள். கையில் ஒரு துணிச் சுருள் இருந்தது. பச்சை நிறம், மஞ்சள் பூப் போட்டது. மேஜை மேல் விரித்தாள்.

"சாக்கடை தோண்டி முடிச்ச அன்னிக்கு விருந்து வெக்கிறோம். விருந்துக்கு எல்லாரும் ஒரே மாதிரி கட்டுற அசோ எபி இதுதான். துணி விலையில மெஷின் காசும் சேர்ந்திருக்கு. தையக்கூலி எனக்கு. துணி வாங்கினவங்க கட்டிக்கிட்டு வாங்க." துணியின் மடிப்பை நீவிவிட்டாள். "வாங்காதவங்களும் வரலாம். யாரையும் தடுக்கல. வீட்ல இருக்கிற துணியக் கட்டிக்கிட்டு வாங்க."

எல்லோரும் பச்சையில் நிற்கிற ஒரு பந்தலில், வீட்டில் இருக்கிற துணியோடு நிற்பதை ஒவ்வொரு பெண்ணும் மனசுக்குள் ஒரு முறை நின்று பார்த்தாள்.

லமிடி வழக்கம்போல எழுந்து கவரைத் துணியின் மேல் வைத்தார். கைதட்டினார்கள். உற்சாகத்தில் துணிக்குக் கூடவே ஒரு தொப்பியும் வேண்டும் என்று தலை அளவு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

"எதுக்குக் குடுத்தீங்க?" என்றாள் ரிசி.

"வருஷா வருஷம் குடுக்குறதுதானே. டிசம்பர்ல வந்துரும்."

"என்னங்க, உங்களுக்குப் புத்தி கித்தி போச்சா? அது சாக்கடைக் காசு. இது துணிக் காசு. இந்த ஊர்ல வாடகை குடுக்காதவன் இருக்கான். துணி வாங்காதவன் எவன் இருக்கான்? நானே எனக்கு ஒண்ணு சொல்லிட்டு வந்துட்டேன்."

மறுநாள் காலை அவர் பீர் பெட்டியில் உட்கார்ந்தபடி பார்த்தார். மடாம் அடுகேயின் கடை வாசலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மேல்முனைக்காரர்கள் முன்னால் நின்றார்கள். போன வருஷம் அவரிடம் ஐம்பது நைராவுக்கு அரை மணி நேரம் சண்டை போட்டவள், குழந்தைகள் மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் பார்த்தார். பிறகு டிரான்சிஸ்டரைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார்.

"மடாம், வீட்ல ஒரு அவசரச் செலவு. அந்தக் கவரக் குடுத்தீங்கன்னா, அப்புறமா..."

"பாபா, உங்க துணிய வெட்டியாச்சு."

"தைக்கலல்ல?"

"வெட்டின துணிய யாருக்குப் போடுவேன்? உங்க வயிறு இந்தத் தெருவுல யாருக்கு இருக்கு?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லமிடி சிரிக்கவில்லை. ஏழு வருஷத்தில் வெளியே சொல்லாததைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தண்ணி போயிட்டா நான் எதத் திங்கிறது, அடுகே? இந்த முதுகோட மறுபடி மூட்டை தூக்க முடியுமா?"

மடாம் அடுகே வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "அது எனக்குத் தெரியும் பாபா. அஞ்சு வருஷமா கவரப் பிரிக்காமயே குடுத்தீங்களே, அதுவும் தெரியும். திரும்பி நில்லுங்க, தோள் அளவு விட்டுப்போச்சு."

இயந்திரம் பிப்ரவரியில் வந்தது. இரண்டு நாள் தோண்டியது. மரத்தூள் பாளம் பாளமாக வந்தது. மடாம் அடுகே ஏழு வருஷமாகத் தைத்த அத்தனை கல்யாணங்களின் துண்டுத் துணிகளும் வந்தன. குளிர்பதனப் பெட்டி ஒன்றின் கதவு வந்தது. எஃபியோங்கின் காணாமல் போன பலகை வந்தது. "என் பலகை! பாரு, பாரு, என் பலகை!" என்று எஃபியோங் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். இரண்டாம் நாள் மதியம் தண்ணீர், தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போயிற்று.

தரை தெரிந்தது. தரையின் மேல் கற்கள், கற்களின் மேல் பலகைகள். பள்ளி ஆசிரியர் ஒருவர் பழக்கத்தில் பலகையில் ஏறிப் பாதி தூரம் வந்து, இரண்டு பக்கமும் ஜனங்கள் மண்ணில் நடப்பதைப் பார்த்து வெட்கத்தோடு இறங்கினார். லமிடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சாலை முனையில் இருந்த சின்ன தேவாலயம் பலகைகளைக் கேட்டது. கால் அடித்துப் பெஞ்சுகளாக்கி உபதேசம் கேட்கப் போட்டுக்கொள்வார்களாம். சரி என்றார். முதலில் விருந்துக்கு ஆகட்டும், விருந்து முடிந்ததும் எஃபியோங் கால் அடித்துவிடுவான் என்று பேச்சு.

சனிக்கிழமை மதியம் தெரு முழுக்கப் பச்சையாக இருந்தது. மேல்முனையும் கீழ்முனையும், வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் லமிடியின் பலகைகளின் மேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஜொலோஃப் சோறு தின்றார்கள். லமிடியின் தொப்பி கொஞ்சம் பெரிதாக இருந்தது. கடந்து போகிறவர்கள் அவர் தோளைத் தட்டினார்கள்.

"முதல் ஆளு நீங்கதான் பாபா! நீங்க ஆரம்பிச்சு வெச்சது!"

"ஊர் நல்லா இருக்கணும்," என்றார்.

சோறு தீர்ந்த தட்டுகளை எங்கே போடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்திலேயே சாக்கடை புதுசாக ஓடிக்கொண்டிருந்தது. காகிதத் தட்டு ஒன்று போயிற்று. பிறகு ஒரு தண்ணீர் பாக்கெட். பிறகு யாரும் ஒவ்வொன்றாகப் போடவில்லை.

"அதான் தண்ணி ஓடுதுல்ல, கொண்டுபோயிடும்," என்றாள் அகாரா பொரிக்கிறவள். தன் தட்டையும் பக்கத்திலிருந்தவள் தட்டையும் சேர்த்தே வீசினாள். மடாம் அடுகே மேஜையில் கிடந்த ரிப்பன் துண்டுகளைக் கையால் கூட்டித் தள்ளினாள்.

லமிடி தன் பாக்கெட்டைக் குடித்து முடித்தார். உறையை நான்காக மடித்துப் புதுச் சட்டையின் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, ஒரு தட்டு போகிற போக்கில் கரையோரமாகவே நடந்தார். தட்டு வேகமாகப் போயிற்று. அவரும் வேகமாக நடந்தார். பச்சை அங்கி காலில் சுற்றியது. ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஆலை வளைவில் தட்டு நின்றது. அங்கே அன்று காலையில் தள்ளிய மரத்தூள், ஈரத்தில் ஊறி ஒரு சின்ன மேடாக இருந்தது. அவர் குந்திப் பார்த்தார். அடுத்த தட்டு வந்து முதல் தட்டின் மேல் சாய்ந்தது. இரண்டு பாக்கெட்டுகள் வந்தன. ஒரு பச்சை ரிப்பன் வந்து எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது போலச் சுற்றிக்கொண்டது. கொஞ்ச நேரம் இருந்து பார்த்தார். தொடவில்லை. எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினார்.

விருந்து கலைந்துகொண்டிருந்தது. எஃபியோங் ஒரு பலகையைத் திருப்பிப் போட்டு, பெஞ்சுக் காலை அதன் மேல் நிறுத்தி, வாயில் ஆணிகளோடு சுத்தியலை ஓங்கினான்.

லமிடி அவன் முன்னால் போய் நின்றார். பலகையின் தலைமாட்டில் உட்கார்ந்து ஏழு வருஷம் நீட்டிய அதே மாதிரி, உள்ளங்கை மேலே பார்க்கக் கையை நீட்டினார். எஃபியோங் அவரைப் பார்த்தான். அவர் வந்த திசையைப் பார்த்தான். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கையில் வைத்தான்.