பழவேற்காட்டுக்கு வேன் வரும் சனிக்கிழமைகள்

ஊர் சுற்றிக் காட்டும் வேலைக்குப் பேசத் தெரிகிறதோ இல்லையோ, எண்ணத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போன ஆசிரியர்களுக்கும், சொந்தக்காரர்களைக் கோயில் கோயிலாகக் கூட்டிப் போனவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

சனிக்கிழமைக்கு ஒரு வேனாகச் சென்னையில் புறப்பட்டு, கடலோரமாகவே ஒடிசா வரைக்கும் பத்து நாள் தரைவழியாகப் போகிற சுற்றுலா அது. முதல் நாள் எங்கள் பழவேற்காடு. காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என் பொறுப்பு. பிறகு வேன் எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திராவுக்குள் போய்விடும். நான் ஐந்தாவது வரை படித்தவள். மீஞ்சூருக்கு மீன்கூடை சுமந்து முழங்கால் போன பிறகு இந்த வேலை கிடைத்தது. புது ஆட்களிடம் பேசக் கூச்சம். ஆனால் எதையும் எண்ணி நோட்டில் எழுதிவிடுவேன். அதற்காகத்தான் வேன் கம்பெனிக்காரர்கள் என்னைப் பிடித்துப் போட்டார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் மூன்று மாதத்துக்கு மட்டும் சம்மதம் சொன்னார்கள். வருகிற கூட்டத்தால் ஊருக்குள் ஒரு தகராறு வந்தாலும் வேன் நிறுத்தம். வேன் நின்றால் எனக்கு வேலை இல்லை, மதியச் சாப்பாடு சமைக்கும் ஐந்து பெண்களுக்கும் இல்லை. அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிந்தது.

பதினைந்தாவது ஆள்

முதல் வாரம் பதினான்கு பேர் இறங்கினார்கள். டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றும்போது எண்ணினேன், பதினைந்து. மறுபடி எண்ணினேன், பதினைந்து. எல்லாரையும் கீழே இறக்கி, ஒவ்வொருவராக ஏறச் சொன்னேன். வெயில். முணுமுணுப்பு. பதினான்கு பேரும் ஏறி முடித்தார்கள். கடைசி சீட்டில் ஒருவர் இறங்காமலே கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

எங்கள் படகுக்காரர் ஏழுமலை! ஏசிக் காற்று வாங்க ஏறி உட்கார்ந்து அசந்துவிட்டாராம். நான் பதறிப்போய் நிற்க, அவர் சாவகாசமாகச் சோம்பல் முறித்துச் சொன்னார்: "கொறஞ்சாத்தான யக்கா கவலப்படணும்? ஒண்ணு கூடிச்சின்னா லாபம்தான, இன்னாத்துக்கு அழுவுற?"

முந்நூற்று நாற்பது

மூன்றாவது வாரம் பூநாரைகள் கரைக்குக் கொஞ்சம் அருகிலேயே நின்றன. திருச்சியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, "எத்தனை இருக்கும்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டாரே என்று எண்ண ஆரம்பித்தேன். முந்நூற்று நாற்பது வந்தபோது ஒரு கூட்டம் எழும்பி இடம் மாறி உட்கார்ந்தது. முதலிலிருந்து தொடங்கினேன்.

"சுமாரா சொல்லுங்க, போதும்" என்றார். சுமாராகச் சொல்ல எனக்கு வராது. சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் தாமதம். இறால் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது என்று சமையல்காரப் பெண்கள் ஆள் அனுப்பினார்கள். அதிகாரி தன் மனைவியிடம் திரும்பிச் சொன்னது எனக்குக் கேட்டது: "இந்தம்மாகிட்ட தாஜ்மகாலைக் காட்டினா, கல்லை எண்ணி முடிச்சிட்டுத்தான் நம்மளை உள்ள விடுவாங்க."

பாரம்பரியம் வேண்டும் என்றவர்

ஒரு பெரிய கேமராக்காரர் வந்தார். பாரம்பரிய மீனவர் ஒருவரைப் படம் எடுக்க வேண்டும் என்றார். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த தேசப்பனைக் காட்டினேன். தேசப்பன் எனக்குத் தம்பி முறை. வாய் கொஞ்சம் துடுக்கு. அன்று கால்பந்து அணி பனியன் போட்டு, காதில் ஒயரைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேமராக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. பனியனைக் கழற்றச் சொன்னார், ஒயரை எடுக்கச் சொன்னார், முடிந்தால் வேட்டியை மடித்துக் கோவணம் போலக் கட்டச் சொன்னார். தகராறு வரப்போகிறது என்று பயந்தேன். தேசப்பன் வலையைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "எங்க நைனா கோவணத்தோடதான் மீன் புடிச்சாரு. அப்போ ஒருத்தரும் போட்டோ எடுக்க வரலியே சார்?"

பதினோராவது சனிக்கிழமை

ஏரியில் இறால் நிறைய ஓடும் இடங்கள் சிலதான். அங்கே கழி நட்டு, நீரோட்டத்துக்கு எதிராக வலை கட்டுவார்கள். ஒரே ஆள் தினமும் கட்டினால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை. பாடு என்போம். தன் பாடு போனால் மறுபடி வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

கெடு முடிய இன்னும் இரண்டே சனிக்கிழமை இருந்தது. கூட்டத்தை ஏழுமலை படகில் ஏற்றினேன். ஏழு ஆள், ஏழு மிதவைச் சட்டை, எல்லாம் சரி. ஒரு அம்மா, "அந்தக் கழிகளைக் கிட்டப் போய்ப் பார்க்கலாமா?" என்றார். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, ஏழுமலையைப் போகச் சொன்னேன். இன்றைக்கு அது யார் பாடு என்று கேட்கவே இல்லை. எஞ்சின் விசிறி வலையைச் சுற்றி இழுத்தது. இரண்டு கழி சாய்ந்தது. வலைக்குள் இருந்த இறால் அத்தனையும் போயிற்று.

அது தேசப்பன் பாடு. இடுப்பளவு தண்ணீரில் கிழிந்த வலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "வலைய தெச்சிக்கலாங்க்கா. போன நாள எந்த ஊசியால தெக்கிறது?"

கோயில் எதிரே கூட்டம்

மறுநாள் காலை கோயில் எதிரே ஊர் கூடியது. எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பதோடு சரி. அன்று என்னை நடுவில் கூப்பிட்டார்கள். "வேனை நிறுத்திரலாம்" என்று மூன்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. சமையல்காரப் பெண்கள் ஐவரும் என்னையே பார்த்தார்கள். "தேசப்பன் பாடு கெட்டது என்னாலதான். யாரு நாளுன்னு கேட்டிருக்கணும், கேக்கல" என்று மட்டும் சொன்னேன். நோட்டைத் திறந்து படித்தேன்.

பதினோரு வாரம். வாரத்துக்கு இரண்டு நடையாக இருபத்திரண்டு நடை. கரையில் இருக்கும் படகு ஏழு. இருபத்திரண்டு நடையும் ஏழுமலை படகு. முதல் ஆளாக அவர் வந்து நிற்பார். மற்ற வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க எனக்குக் கூச்சம். படித்து முடித்தபோது ஏழுமலை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்ட மற்றப் படகுக்காரர்கள் முகத்தைப் பார்த்ததும், அவர்களுக்கு வேன் மேல் இருந்த கோபம் என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. "எடத்துக்குப் பாடு வெச்சிருக்கீங்க. வேன் ஜனத்துக்கும் ஒரு பாடு வெச்சிடுங்க" என்றேன்.

வெகுநேரம் பேசினார்கள். இனி படகுக்கும் முறை. முதல் சனிக்கிழமை தேசப்பனுக்கு. வலையை ஏழுமலை தைத்துக் கொடுக்க வேண்டும். வேன் இன்னும் மூன்று மாதம் வரலாம். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். ஊர்த் தலைவர் அவசரமாகக் கையை நீட்டினார்: "யம்மா, நோட்ட மூடும்மா. இன்னும் ரெண்டு பக்கம் படிச்சேன்னா எங்க எல்லாரு வண்டவாளமும் வெளிய வந்துரும்!"

தேசப்பன் படகு

அடுத்த சனிக்கிழமை தேசப்பன் படகைத் துடைத்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். என்னிடம் பேசவில்லை. ஆனால் முழங்காலைப் பார்த்து, ஏறுவதற்குக் கை கொடுத்தார். எதிரே தெரியும் தீவுக்கு நேராகப் போனால் பத்து நிமிடம். அவர் பெரிய வளைவாக வளைத்துக்கொண்டு போனார்.

முன்னால் உட்கார்ந்திருந்த சென்னைப் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "நேரா தண்ணிதானே இருக்கு, ஏன் இப்படிச் சுத்திப் போறீங்க?" என்றாள். தூரத்தில் கழிகளின் நுனி மட்டும் தெரிந்தது. அன்று பாடு யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்த முறை கேட்டு எழுதி வைத்திருந்தேன். தேசப்பன் எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தத் தண்ணி இன்னிக்கி ஏழுமலையோடது கண்ணு. நாளைக்கி வேற ஆளோடது. உங்களுக்குன்னு இருக்கிற தண்ணி இதான், நல்லா பாத்துக்கினு வாங்க."

ஆக, ஊர் சுற்றிக் காட்டுகிறவளுக்குப் போகிற வழி கால்வாசி தெரிந்தால் போதும், போகக் கூடாத வழிதான் முழுசாகத் தெரிய வேண்டும். பிறந்து வளர்ந்த ஊரில் அதைப் படிக்க எனக்குப் பதினோரு வாரம் பிடித்தது.