ருசி பார்க்கிற ஷாட்

நினைச்சா இன்னைக்கும் வயிறு எரியுது.

விழுப்புரத்துல ஒரு லோக்கல் கேபிள் சேனல்ல பிறந்தநாள் வாழ்த்து டைப் பண்ண ஆரம்பிச்சவ நான். பத்து வருஷத்துல திண்டிவனத்துல இன்னொரு சேனலுக்குப் புரோகிராம் ஹெட் ஆயிட்டேன். எனக்குன்னு ஒரு கொள்கை உண்டு. புதுசா வேலைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்லியே உசுரை எடுப்பேன். கேமரா முன்னாடி பொய் கூடாது. அழுதா நிஜமா அழணும், தின்னா நிஜமா தின்னணும்.

சமையல் நிகழ்ச்சி எடுக்க பனமலைப் பக்கம் ஒரு காலனிக்குப் போனோம். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கற கூலி வேலைக்குப் போற ஒரு அக்கா, அன்னைக்கு வேலைக்குப் போகாம கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் பண்ணாங்க. எங்க எல்லாருக்கும் தட்டு கழுவி வெச்சிருந்தாங்க. கடைசியில ஆங்கர் பொண்ணு ருசி பார்த்து "சூப்பர்" சொல்லணும், அதுதான் வழக்கம். அவ என் காதுகிட்ட வந்து, "மேடம், இவங்க ஆளுங்க வீட்டுல நான் சாப்பிட மாட்டேன். எங்க வீட்டுல தெரிஞ்சா பேஜாரு ஆயிடும்"ன்னா.

என்னா திமிரு! ஓங்கி ஒண்ணு விடலாம்னு கை துறுதுறுன்னுச்சு. விட்டேனா? இல்ல. "வெளிச்சம் பத்தலக்கா, இந்த ஷாட்டை ஸ்டூடியோவுல எடுத்துக்கறோம்"னு அந்த அக்காகிட்ட புளுகினேன். மத்தியானம் பன்னெண்டு மணி, வெயில் மண்டையைப் பொளக்குது. அவங்க ஒருதரம் வானத்தைப் பார்த்தாங்க. அப்புறம் தட்டுங்களை ஒவ்வொண்ணா எடுத்துக் கவுத்தாங்க. நாங்க வண்டி ஏறிட்டோம்.

ஆங்கரை மாத்துங்கன்னு முதலாளிகிட்ட சண்டைக்கு நின்னேன். "நிகழ்ச்சி நல்லா வந்திருக்குல்ல, சும்மா இரும்மா. யாருக்குத் தெரியப் போவுது?"ன்னாரு. ஓட்டல்ல குழம்பு வாங்கியாந்து ஸ்டூடியோவுல வெச்சாங்க. அந்தப் பொண்ணு ஒரு வாய் தின்னுட்டு, கண்ணை மூடி "ஆஹா"ன்னா. அதுக்கு ஓகே போட்டது யாரு? சாட்சாத் நான்தான். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!

நிகழ்ச்சி வந்த அன்னைக்கே அந்த அக்கா போன் பண்ணாங்க. தெருவே கூடி உக்காந்து பார்த்துச்சாம்.

"அது என் கொழம்பு இல்லியேம்மா. என்னுது அவ்ளோ செவப்பா இருக்காது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கினு வந்துச்சு. உங்க வீட்டுல சாப்பிட மாட்டேன்னுட்டாக்கான்னு அந்தப் பொண்ணைத் திட்டினேன். முதலாளியைத் திட்டினேன். ஊரை, சாதியை, ஒண்ணு விடாம திட்டித் தீர்த்தேன். நான் முடிக்கிற வரைக்கும் அவங்க கேட்டாங்க.

"சரிம்மா, அந்தப் பொண்ணு சாப்பிடல. நீங்க ஏன் சாப்பிடல?"