மெதுவாகப் போகும் வகை

எனக்குப் பொறுமை கிடையாது. ஹட்டனில் ஒரு பாடசாலையில் பதினாறு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கேள்வி முடிவதற்குள் டீச்சரே விடையைச் சொல்லிவிடுவார் என்று என் மாணவர்கள் கேலி பண்ணுவார்கள். அந்த அவசரத்தால் யாருக்கும் பெரிய கெடுதல் வந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன். என் தங்கைக்கு வந்தது.

தங்கை வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய கணவர் வெளிநாட்டில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். வந்த வருடமே இருமலும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். எச்.ஐ.வி. என்று தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. மாத்திரை சரியாகப் பிடிக்காததால் இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். அதற்குப் பிறகு ஆறு மாதம்தான் இருந்தார். தங்கைக்கும் தொற்றியிருந்தது. அவள் மகளுக்கு இல்லை. இந்த இரண்டு சேதியும் ஒரே நாளில் வந்தன. பஸ் நிலையத்தில் நின்று இருவரும் அழுதோம். எந்தச் சேதிக்கு அழுதோம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

சிகிச்சைக்கு ஹட்டன் பக்கமே வேண்டாம் என்று முடிவெடுத்தது நான். ஹட்டனில் தும்மினால் ஐந்து தோட்டத்துக்குக் கேட்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை நுவரெலியா கிளினிக். நான் ஹட்டனில் ரயிலேறுவேன், அவள் வட்டகொடையில் ஏறுவாள், நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிப்போம். அன்றைக்கு அவள் காலைப் பெரட்டுக்குப் போய், அங்கே வேலைக்கு ஆள் பிரிக்கும் கங்காணியிடம் சுகர் கிளினிக் என்று சொல்லிவிட்டு வருவாள். அந்தப் பொய் அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்தது. அதற்குப் பிறகு லயத்து வரிசையில் எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்குச் சீனி போடாத தேத்தண்ணிதான். கோயில் திருவிழாவில் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல், இவள் கையில் மட்டும் கடலை. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு லட்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்ப்பாள்.

டாக்டர் சிங்களப் பெண்மணி. அவர் வேகமாகப் பேசும் வைத்தியச் சிங்களம் தங்கைக்குப் பிடிபடாது. நான்தான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். மூன்றாவது முறை போனபோது தங்கை ரொம்பவும் உடைந்திருந்தாள். வீட்டுக்காரரை அள்ளிக்கொண்டு போன வேகத்தில்தான் என்னையும் கொண்டுபோகும், மகள் ஓ லெவல் பரீட்சை எழுதுவதைக்கூடப் பார்க்க மாட்டேன் என்று ரயில் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக இருந்தது. டாக்டரின் முன்னால் உட்கார்ந்ததும் நானே கேட்டேன், இந்த நோய் எல்லோருக்கும் ஒரே வேகத்திலா போகும் என்று.

டாக்டர் தங்கை கணவரின் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தார். இந்த வைரஸ் ஒன்றல்ல, குடும்பம் குடும்பமாக இருக்கிறது, ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டு அழைக்கிறோம் என்றார். தங்கை கணவருக்கு இருந்தது ஏ வகை, அவரிடமிருந்து வந்ததால் தங்கைக்கும் அதுவாகத்தான் இருக்கும். ஆப்பிரிக்காவில் பார்த்த அளவில், டி வகை தொற்றியவர்கள் சீக்கிரம் நோயில் விழுகிறார்கள், ஏ வகைக்காரர்கள் கொஞ்சம் தாமதமாக. இதைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் தொடர்ந்தார். ஆனால் அது மருந்தே எடுக்காதவர்களைப் பற்றிய பேச்சு, அதிலும் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் தங்கை கணவருக்கும் அதே ஏ வகைதான், எத்தனை வருடம் உடம்பில் வைத்திருந்தாரோ, கடைசியில்தான் வந்தார். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் எடுத்தால் எந்த எழுத்தாக இருந்தாலும் கவலையில்லை, விட்டுவிட்டு எடுத்தால் எந்த எழுத்தும் காப்பாற்றாது.

நான் தங்கை பக்கம் திரும்பி, "ஒனக்கு உள்ளது மெதுவா போற வகையாம்" என்றேன்.

அவள் முகம் அப்படியே மாறிப்போனது. பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை, விழுங்கிவிட்டேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தப் பிறகு வரவேயில்லை.

ஒன்றரை வருடம் எல்லாம் நன்றாகப் போனது. உடம்பு தேறினாள். இரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். அப்புறம் தங்கை, நீ ஒவ்வொரு முறையும் லீவு போட வேண்டாம், மருந்து வாங்கத்தானே, நானே போய்க்கொள்கிறேன் என்றாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அது வசதியாக இருந்தது. போன வருடக் கடைசியில் கிளினிக்கிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்தது. தங்கை வர வேண்டிய நாளில் வரவில்லை, இதற்கு முன்னும் ஒரு முறை தவறியிருக்கிறாள். வகுப்பில் பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு அதைக் கேட்டேன். அதற்குப் பிறகு என்ன படிப்பித்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் லயத்துக்குப் போனேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மாத்திரை எங்கே என்று கேட்டேன், அரிசி டின்னுக்குள் கையை விட்டு எடுத்துத் தந்தாள். எப்போதோ காலியாகியிருக்க வேண்டிய போத்தலில் பாதிக்கு மேல் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறாளாம், சில வாரம் அதுவும் இல்லையாம். பயமோ வெட்கமோ அவள் முகத்தில் இல்லை. கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்ட மாதிரி நின்றாள்.

அவர்கள் தோட்டத்தில் இரண்டு விதமான மலை உண்டு. புதுக் கன்று நட்ட மலையில் கொழுந்து சீக்கிரம் வரும், வாரத்துக்கு ஒரு முறை பறித்தே ஆக வேண்டும். பழைய விதைத்தேயிலை மலையில் தாமதமாகத்தான் வரும், அங்கே பத்துப் பதினைந்து நாள் விட்டுத்தான் ஆள் அனுப்புவார்கள். பதினெட்டு வயதிலிருந்து அவள் உடம்பு இந்தக் கணக்கில்தான் நடக்கிறது.

"வெதத்தேயில மலைக்கு வாராவாரம் போவோமாக்கா? போனா கையில என்ன கெடைக்கும்? மெதுவா வர்றதுக்கு மெதுவாத்தானே போகணும். நீதானே சொன்ன, எனக்கு உள்ளது மெதுவா போறதுன்னு."

அவள் யோசித்தது எனக்கு அந்த நொடியே முழுக்கப் புரிந்தது. ஒரு போத்தல் இரண்டு போத்தலுக்குச் சமமாகும். கிளினிக்குக்குப் பாதித் தடவை போனால் போதும், பெரட்டில் பாதித் தடவை பொய் சொன்னால் போதும். எனக்குத் தொண்டை வரைக்கும் கத்தல் வந்தது. ஆனால் லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பக்கத்து வீட்டில் சட்டி வைக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. ஆகவே நான் கிசுகிசுப்பாகவே அவளைத் திட்டினேன். மடச்சி, ஒனக்கு மூளை இருக்காடி, மகள நெனச்சுப் பாத்தியா என்று எல்லாவற்றையும் மூச்சுக்குள்ளேயே சொன்னேன். அப்படித் திட்டுவது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. பாதியில் நிறுத்தினேன்.

"டாக்டர் அன்னைக்கு இன்னும் சொன்னாங்க. நான்தான் ஒன்கிட்ட சொல்லல" என்றேன். விழுங்கிய பாதியைச் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"நீ சிரிச்ச."

அவள் வெளியே போய், கொடியில் காயாத துணியை எல்லாம் எடுக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரமே கிளினிக்குக்குப் போனோம். ஏன் விட்டீர்கள் என்று டாக்டர் அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்க்கவில்லை, என் குற்றத்தை நானே சிங்களத்தில் சொன்னேன். டாக்டர் ஏசவில்லை, இரத்தம் எடுக்கச் சீட்டு எழுத ஆரம்பித்தார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வைரஸ் மறுபடியும் பெருகியிருந்தது. எந்த மாத்திரைக்கெல்லாம் அது பழகி, அடங்காமல் போய்விட்டது என்று பார்க்க இரத்தம் கொழும்புக்குப் போனது.

அந்த அறிக்கை வரும் வரைக்கும் நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. அறிக்கை கேட்கப் போன அன்று ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் மேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். தொலைபேசி அதிராமலே அதிர்ந்த மாதிரி இருக்கும். கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு நின்றுவிடுவேன். இவ்வளவுக்கும் பிறகு என் மனம் என்ன செய்தது தெரியுமா? ஏ வகைதானே, மெதுவானதுதானே, சில மாதத்துக்குள் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடியும் அதே எழுத்தில் போய்த் தொங்கியது. படித்த எனக்கே அப்படி. அவளை மடச்சி என்றேனே என்று எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அறிக்கை வந்தது. வகை ஏ என்றுதான் போட்டிருந்தது. அவள் எடுத்துவந்த மருந்தில் இரண்டுக்கு வைரஸ் பழகிவிட்டது என்றும் போட்டிருந்தது.

டாக்டர் புது மாத்திரையை மேசையில் வைத்து நிதானமாகச் சொன்னார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. முதல் சில வாரம் வயிற்றைப் புரட்டலாம், அதற்காக நிறுத்தக்கூடாது. இதையும் விட்டுவிட்டு எடுத்தால், இதற்குப் பிறகு கொடுக்க எங்களிடம் அதிகம் இல்லை. நான் தங்கை பக்கம் திரும்பினேன். பயப்பட ஒன்றுமில்லை என்ற வார்த்தை நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை வெளியே விடாமல், டாக்டர் சொன்ன வரிசையில், கடைசி வரி வரைக்கும் சொன்னேன்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் சொல்லலியே?"

"அவ்வளவுதான்."

தங்கை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, என்னைத் தாண்டி, டாக்டரிடம் பேச ஆரம்பித்தாள். மரக்கறிக் கடையில் விலை கேட்கும் சிங்களம், அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. இரண்டு விரலைக் காட்டி, ஒரு நாளைக்கு இரண்டு என்றாள். டாக்டர் "ஓவ்", ஆமாம், என்றார். வயிற்றைத் தொட்டுக் காட்டி, வலித்தாலும் நிறுத்தக்கூடாது என்றாள். "ஓவ்." விட்டால், பிறகு மருந்து இல்லை என்றாள். டாக்டர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, அவளிடம் "ஓவ்" என்றார்.

அதற்குப் பிறகுதான் போத்தலைக் கையில் எடுத்தாள்.