ஐந்தரை மணிக் கடல்பாசி

கடையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்ததும் என் கண்ணாடி தயாராகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருந்த ஜபார் பாய், செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்ன கண்ணாடியை வியாழக்கிழமை கொடுத்துவிட்டு, 'செவ்வாய்' என்று தன் கையால் எழுதிய சீட்டை மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வார். தடயம் இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. அன்று புதன். ஒரு நாள் முன்னதாகவே அழைக்கிறாரே என்ற ஆச்சரியத்தோடு எடுத்தேன். பேசியது அவர் தங்கை மெஹர்.

"சார், அண்ணன் மவுத்தாயிட்டாங்க. காலையில கடையத் தொறந்துட்டு நாற்காலியில உக்காந்திருக்காங்க. அவ்வளவுதான். டாக்டர் வந்து ஹார்ட்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நான் "கண்ணாடி..." என்று ஏதோ ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன். பாய் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இதைப் படிக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர்களில் பாதிப் பேர் அவர் கொடுத்த கண்ணாடி வழியாகத்தான் படிப்பீர்கள். உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கண்ணைச் சோதித்துவிட்டு அவர் யாரிடமும் "பவர் கூடிடுச்சு" என்று சொன்னதே இல்லை என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். "கொஞ்சம் மாறியிருக்கு" என்பார். ஒருமுறை காரணம் கேட்டேன். "கூடிடுச்சுன்னா மனுஷன் வீட்டுக்குப் போயி படுத்துடறான் சார். மாறியிருக்குன்னா ஃபிரேம் பாக்க ஆரம்பிக்கிறான்" என்றார். அதில் வியாபாரம் எவ்வளவு, கருணை எவ்வளவு என்று என்னால் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது.

உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் மெஹருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்தவர், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனார். பாய் மனைவியை இழந்தவர். ஒரே மகள் ஷபானா துபாயில். வீட்டில் அண்ணனும் தங்கையும் மட்டும்தான். அண்ணனின் சிறுநீரகம் தங்கைக்குப் பொருந்தியது. மற்ற சோதனைகளும் சரியாக இருந்தன. கடைசியில் மருத்துவர் அவரை எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறச் சொன்னார்.

"எட்டு கிலோ எறங்கிட்டு வாங்கன்னுட்டாரு சார்" என்று வந்து சொன்னார் பாய். "கிட்னி குடுக்கறதுக்கு வயித்துல என்ன வேலைன்னு கேட்டேன். அந்த வயித்தத் தாண்டித்தான் போகணும்னாரு."

மெஹர் பிழைக்கும் பாதை பாயின் வயிற்றைச் சுற்றிக்கொண்டு போனது. சாதாரண வயிறு அல்ல அது. படப்பைக்கு அப்பால் நடக்கும் கல்யாணங்களில்கூட பிரியாணி தம் உடைக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போன வயிறு.

மகள் துபாயிலிருந்து ஒரு வீடியோ அனுப்பினாள். சுடுநீரில் ஜெலட்டின் தூளைக் கரைத்துச் சாப்பாட்டுக்கு முன் குடித்தால் வயிறு நிறைந்துவிடும், பிறகு தட்டு காலியாக இருந்தாலும் வருத்தம் தெரியாது என்று அதில் ஒரு பெண்மணி மலர்ந்த முகத்தோடு சொன்னார். பாய் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டப்பா வாங்கி வந்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பொடி எழுத்து முழுவதையும் படித்தார்.

"எந்த மிருகத்து எலும்புன்னு போடல சார்."

"மிருகமே எதுக்கு பாய்?" என்றேன். நான் சைவம்.

"அப்ப இது ரெண்டு பேருக்குமே ஆகாது" என்று அவர் டப்பாவை மூடியபோது, எங்களுக்குள் ஒரு தத்துவ ஒற்றுமை ஏற்பட்டது.

வழி சொன்னவர் மெஹர்தான். "நோன்புக்கு வாங்குன கடல்பாசி அலமாரியில இருக்கேண்ணே. அதுவும் அதே வேலைதானே செய்யும்?" ரமலான் மாதத்தில் பாலும் சர்க்கரையும் ரோஸ் எசன்ஸும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி, உறைந்ததும் வில்லை வில்லையாக வெட்டி அவர்கள் எங்கள் வீட்டுக்கு அனுப்புகிற அதே கடல்பாசி. வெள்ளை நூல்கண்டு மாதிரி இருக்கும். அதிலிருந்து பாலையும் சர்க்கரையையும் கழித்துவிட்டு, தண்ணீரைக் கூட்டினார் கணக்கு டீச்சர்.

செய்முறையை பாய் ஒரு கண்பரிசோதனை அட்டையின் பின்புறத்தில் எனக்கு எழுதிக் கொடுத்தார். ஒரு சிட்டிகை கடல்பாசியைக் கத்தரித்துத் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு துண்டு இஞ்சியும் நன்னாரி வேரும் போட்டுக் கொதிக்கவிட்டு, ஊறியதைச் சேர்த்து, ஓர் இழைகூடக் கண்ணில் படாமல் கரையும்வரை கிண்ட வேண்டும். இறக்கிய பிறகுதான் எலுமிச்சையும் உப்பும். அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தால் பாசியின் பிடிப்புப் போய்விடும். வெதுவெதுப்பாக இருக்கும்போதே குடித்துவிட வேண்டும். அட்டையின் அடியில் தனியாக ஒரு வரி: 'கத்தியால் வெட்ட வந்தால் அது நோன்புக்கு, டம்ளரில் சரிந்தால் இது நமக்கு.'

இதை அவர் வீட்டில் குடிக்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு மின் அடுப்பு வைத்துக்கொண்டார். காரணத்தை நான் கேட்டபோது ஒரு ஃபிரேமில் ஏதோ திருகிக்கொண்டே பதில் சொன்னார். "மெஹருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணின்னு அளந்து குடுத்திருக்காங்க சார். ஒரு சின்ன பாட்டில வச்சிக்கிட்டு நாள் பூரா அதயே பாத்துக்கிட்டு இருக்கு. அது முன்னால நான் ரெண்டு டம்ளர் மடக்கு மடக்குனு குடிப்பனா?"

முதல் நாள் தோல்வியில் முடிந்தது. டம்ளரில் ஊற்றி வைத்த நேரத்தில் ஒருவர் ஃபிரேம் பார்க்க வந்தார். பதினெட்டு ஃபிரேம்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, மனைவியைக் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டார். கடையில் ஏசி. பாய் டம்ளரைக் கவிழ்த்தார், ஒன்றும் விழவில்லை. கடை வாசலில் ஆட்டோ நிறுத்தும் இரும்புலியூர் ஏழுமலை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாய், டம்ளர்ல இன்னா கீது? கண்ணாடி ஒட்ற பசையா?"

"ஒடம்பு எளைக்கறதுக்குப்பா."

"இத்தத் துன்னா எளைப்பியா? இத்தத் தூக்குனாலே எளைச்சிருவ!"

அடுத்த நாளிலிருந்து பக்குவம் வந்துவிட்டது. ஆனால் ஒரு மாதம் கழித்து எடை பார்த்தபோது ஒரு கிலோ அதிகம். "கூடலை சார். கொஞ்சம் மாறியிருக்கு" என்றார் என்னிடம். சிரிப்பதற்காகச் சொன்னார், சிரிக்கவில்லை. தங்கைக்கு என்ன பதில் சொல்வது என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க நான் ஒரு மாலை அங்கே உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தரைக்குப் பானம் தயாரானது. கடையில் இருந்த வாடிக்கையாளர் ஒருவருக்கும் ஒரு டம்ளர் போனது, தனியாகக் குடிப்பது பாய்க்கு வராது என்பதால். டம்ளரோடு எதிர் டீக்கடையிலிருந்து இரண்டு சமோசாவும் வந்தது.

"பாய், சமோசா எதுக்கு?"

"வெறும் டம்ளர நீட்டறது எங்க வீட்ல இல்ல சார். வாப்பா காலத்துலேருந்து இல்ல."

"சரி, அவருக்குக் குடுத்தீங்க. நீங்க ஏன் சாப்பிட்டீங்க?"

"அவரு மட்டும் சாப்பிட்டா சங்கடப்பட மாட்டாரா?"

ஒரு நாளைக்கு இப்படி நான்கைந்து பேருடைய சங்கடத்தை அவர் போக்கியிருக்கிறார். உடல் இளைப்பதற்கான பானம் அந்தக் கடையில் சமோசாவுக்குத் துணையாகத்தான் ஒரு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் பாயே ஒரு தீர்வோடு வந்தார். "சார், இனிமே அஞ்சரைக்கு நீங்க மட்டும் வாங்க. தினமும்."

"வந்து?"

"சமோசா வேணாம்னு சொல்லணும். மூணு வாட்டி. விருந்தாளி வேணாம்னுட்டா நான் தொட முடியாது. தொட்டா கேவலம்."

"எனக்கு சமோசா ரொம்பப் பிடிக்குமே பாய்."

"அதனாலதான் சார் உங்களக் கேக்கறேன். புடிக்காதவன் வேணாம்னா அது என்ன வேணாம்?"

இப்படியாக என் வாழ்க்கையில் ஒரு பொறுப்பு வந்தது. மாலை ஐந்தரைக்குப் போவேன். எங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு டம்ளர். நடுவில் தட்டு. "எடுத்துக்குங்க சார்" என்பார், முழு மனதோடு. அந்த உபசாரத்தில் நடிப்பே இருக்காது, அதுதான் கொடுமை. நான் மூன்று முறை மறுப்பேன். பிறகு தட்டு ஏழுமலையிடம் போகும். நான்கு மாதத்தில் அவர், "பாய் எளைக்கறதுக்கு நான் ஊதிக்கினு கீறேன் சார்" என்று என்னிடம் முறையிட்டார். சட்டைப் பொத்தான் சாட்சியாக இருந்தது.

ஒரே ஒரு நாள் நான் தவறினேன். நல்ல மழை. தெருவில் முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருந்தேன். சமோசா சூடாக இருந்தது. மூன்றாவது 'வேண்டாம்' வரவில்லை, கை போய்விட்டது. பாதியைப் பிட்டேன். பாய் என்னைப் பார்த்தார். மீதிப் பாதியை எடுத்துக்கொண்டார். சனிக்கிழமை எடை பார்த்தபோது முள் போன வாரம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. நான்தான் அவர் வீட்டுக்குப் போய் மெஹரிடம் சொன்னேன்.

"அரை சமோசாதானே சார், விடுங்க" என்றார் மெஹர். பேச்சினிடையே அந்தச் சின்ன பாட்டிலை எடுத்து, மூடியில் ஒரு வாய் ஊற்றி, உடனே விழுங்காமல் வாயிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அதற்குப் பிறகு நான் எந்த மழையிலும் தவறவில்லை.

ஐந்தரை மாதத்தில் எட்டு கிலோ இறங்கியது. அறுவை சிகிச்சை நடந்தது. சில நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து பாய் தொலைபேசினார். குரல் மெலிந்திருந்தது. நலமா என்று கேட்டேன்.

"சார், மெஹர் தண்ணி குடிக்குது. நெறைய குடிக்கணும்னு டாக்டரே சொல்றாரு. இப்பதான் என் கண்ணு முன்னால ஒரு டம்ளர் முழுசா குடிச்சிச்சு. வெறும் தண்ணி சார். கூட ஒண்ணுமே இல்ல."

வெறும் டம்ளரைப் பற்றி அவர் மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அதன் பிறகும் ஐந்தரை மணி தொடர்ந்தது. ஒற்றைச் சிறுநீரகக்காரர் எடை ஏறக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். நான் காரணம் எதுவும் சொல்லவில்லை, போனேன்.

அவரை அடக்கம் செய்த நான்காம் நாள் மாலை வீட்டுக்குப் போனேன். துபாயிலிருந்து வந்திருந்த ஷபானா வாசலிலேயே தணிந்த குரலில் சொன்னாள்: "அத்தை சரியாவே சாப்பிடறதில்ல அங்கிள். சாப்பிட்டதுக்கு அப்புறம் போடற மாத்திரைய கையிலயே வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. அத விட்டா கிட்னிக்கு ஆகாது. நான் சொன்னா கேக்கல." அது யாருடைய சிறுநீரகம் என்று அவள் சொல்லவில்லை.

மெஹர் என் எதிரே உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், கடல்பாசித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு தட்டு. இரண்டு சமோசா.

"எடுத்துக்குங்க சார்."

"வேண்டாம்மா" என்றேன். ஆறு வருடப் பழக்கம்.

"எடுத்துக்குங்க."

"வேண்டாம்."

மூன்றாவது முறை சொல்வதற்கு வாயைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. விருந்தாளி வேண்டாம் என்றுவிட்டால் இந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். அது பாயின் சட்டம் மட்டுமல்ல, வாப்பா காலத்துச் சட்டம். நான் ஒரு சமோசாவை எடுத்துக் கடித்தேன்.

மெஹர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு மற்றதை எடுத்தார்.

"எப்படி சார் இருக்கு?"

"எண்ணெய் சரியில்ல."

"ஏழுமலை வாங்கிட்டு வந்தாரு. அண்ணன் போற கடை இல்லை போல" என்றார். ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டார். மடக்கியிருந்த இடது கையைத் திறந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார். நான் கண்ணைத் துடைப்பதற்காகக் கண்ணாடியைக் கழற்றினேன். அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் ஜபார் பாய் இன்னும் வேலையில்தான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

"உங்க கண்ணாடி" என்று நினைவு வந்தவராக எழுந்துபோய் ஒரு கூடு கொண்டுவந்தார். மேலே என் பெயர், பாயின் கையெழுத்தில். செவ்வாய் மாலை நான் கிளம்பிய பிறகு அன்றே முடித்து மேசையில் எடுத்து வைத்திருந்தாராம். சொன்ன நாளில் அவர் முடித்த முதல் கண்ணாடி எனக்குத் தெரிந்து இதுதான். இதை எழுதுவது அதைப் போட்டுக்கொண்டுதான். எழுத்து நன்றாகத் தெரிகிறது.

இப்போதும் ஐந்தரைக்கு அந்த வீட்டுக்குப் போகிறேன். கொடுப்பதை மறுக்காமல் சாப்பிடுகிறேன். என் எடை கொஞ்சம் மாறியிருக்கிறது. செய்முறை எழுதிய அட்டை என் சமையலறைக் கதவில் இருக்கிறது. பணப்பையில் 'செவ்வாய்' என்று எழுதிய சீட்டு இருக்கிறது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவர் வரவில்லை. நானும் யாரிடமும் கொடுப்பதாக இல்லை.