ஒற்றைக் கண் சுருள்

ரோஸ்விதா பாகெலுக்கு எழுபத்து நான்கு வயது. கிழக்கு பெர்லினில் ஒரு படக் காப்பகத்தில் முப்பது வருடம் பழைய பிலிம் சுருள்களைப் பிரதி எடுத்தவள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் எடுத்த இரண்டு முப்பரிமாணப் படங்கள் அங்கே இத்தனை காலம் கழித்து அகப்பட்டிருந்தன. அவற்றைப் போட்டுக் காட்டுகிறோம் என்று பழைய ஊழியர்களை ஒரு மதியம் கூப்பிட்டிருந்தார்கள்.

எல்லாரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திரையில் சந்தைக் கடையில் வாட்டிய இறைச்சி சாசேஜ் மூக்குக்கு நேரே நீண்டது.

"அட, ஒரு கடி கடிச்சிரலாம் போலிருக்கே!" என்றார் பக்கத்தில் இருந்த கெர்னோட். ரோஸ்விதாவின் பிரிவுத் தலைவியாக இருந்து செத்துப்போன ஹெல்ம்டிரூடின் புருஷன்.

அடுத்த காட்சியில் நாஜிச் சீருடைக்காரர்கள் வணக்கம் வைக்கக் கையை உயர்த்தினார்கள். அந்தக் கைகளும் மடி வரைக்கும் வந்தன. அப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை.

விளக்குப் போட்டதும் காப்பகத்துப் பெண் வீப்கே எழுந்தாள். "மூணாவது படம் ஒண்ணும் இருந்துச்சுங்க. இடது கண்ணுக்கு ஒண்ணு, வலது கண்ணுக்கு ஒண்ணுன்னு பக்கத்துப் பக்கத்துல ரெண்டு படம் இருக்கணும். எழுபத்தெட்டுல யாரோ ஒரு புண்ணியவான் இடது பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து வச்சிருக்கார். மத்த கண்ணு அவ்வளவுதான், போச்சு!"

அந்தப் புண்ணியவான் ரோஸ்விதாதான். ஒரே படம் தவறிப்போய் இரண்டு தடவை பதிந்திருக்கிறது என்று அப்போது நினைத்தாள். பிலிமுக்குப் பஞ்சமான காலம். பாதி மிச்சம் என்று ஒன்றை விட்டாள். அசல் சுலபமாகத் தீப்பிடிக்கும் ரகம், பிரதி எடுத்ததும் எரித்துவிடுவார்கள். எரித்தார்கள். சிக்கனத்துக்காகக் கூட்டத்தில் அவள் பேரை வாசித்து, ஒரு பொட்டலம் காபித்தூளும் கொடுத்தார்கள். சப்புக்கொட்டிக் குடித்தாள்!

"பிரதி எடுத்த பதிவு அட்டையில யார் கையெழுத்து?" என்றது ஒரு குரல்.

"ஹெல்ம்டிரூட் சோகே," என்றாள் வீப்கே.

யார் பிரதி எடுத்தாலும் கையெழுத்துப் போடுவது பிரிவுத் தலைவிதான். ரோஸ்விதாவுக்குத் தெரியாதா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாயைத் திறந்தால் போதும். ஆனால் நாக்கு எழவில்லை பாவிக்கு.

கெர்னோட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார். "என் வீட்டுக்காரிதாங்க. அந்த வருஷம் அவளுக்கு உடம்பு சரியில்ல. அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சிலர் கைகூடத் தட்டினார்கள். ரோஸ்விதாவும் தட்டினாள்.

வெளியே டிராம் நிறுத்தத்தில்தான் அவளுக்குப் பேச்சு வந்தது. "கெர்னோட், அது ஹெல்ம்டிரூட் இல்ல. நான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"நாப்பது வருஷம் அவகூடக் குடித்தனம் பண்ணேன்," என்றார். "ஒரு சீட்டுல பேரைப் பார்த்ததும் அவதான்னு நம்பிட்டேனே, ரோஸ்விதா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கலியே."

"தப்பு என்னோடது..."

"உன் தப்பு பிலிமோட போச்சு. இதை நான் எங்க கொண்டுபோய் வைக்க?"

டிராம் வந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். அவளும் அதே டிராமில்தான் போக வேண்டும். ஏறவில்லை. கூசிக் குறுகி, கலைந்து வரும் கூட்டத்துக்கு எதிராகக் காப்பகத்தின் படிகளில் ஏறினாள். வீப்கே கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"எதையாவது மறந்துட்டுப் போயிட்டீங்களாம்மா?"

"இல்லம்மா. அந்த அட்டையை எடு. அதுல பேரை மாத்தணும்."